உச்சிமாகாளி அண்ணாச்சியின் மூக்கு

உச்சிமாகாளி அண்ணாச்சிக்குக் கோபம் வருவது இரண்டே விஷயத்துக்குத்தான். சைலன்சர் வேலையை யாராவது "குழாய் ஒட்டுற வேலை" என்று சொன்னால் வரும். வேலை முடிந்த வண்டியின் பின்பக்கத்தில் அவர் ஏறி உட்காரும்போது யாராவது சிரித்தால் வரும். இரண்டையும் நான் செய்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை, நூறு தடவை. திருவனந்தபுரம் கரமனையில் என் பட்டறையும் அவர் பட்டறையும் ஒரே தகரச் சுவரின் இரண்டு பக்கம். என் பெயர் சிவதாணு. எஞ்சினை இறக்கி ஏற்றுவது என் வேலை. அந்த எஞ்சினின் புகை வெளியே போகும் வழியைக் கட்டுவது அவர் வேலை. இருபது வருஷம் அப்படித்தான் ஓடியது.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் நான் அவருக்குச் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டு, நல்ல மனிதர், நல்ல வேலைக்காரர் என்று நாலு வரி எழுதிவிட்டுப் போவது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. அப்படி எழுதினால் என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் களக்காட்டுப் பக்கம். பதினெட்டு வயதில் வாழைத்தார் ஏற்றிய லாரியின் பின்னால் உட்கார்ந்து திருவனந்தபுரம் வந்தவர். அன்றைக்கு ஆரல்வாய்மொழி தாண்டியதும் மழை பிடித்துக்கொள்ள, டிரைவர் தார்ப்பாயை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டார். சைலன்சர் எங்கேயோ ஓட்டை. புகை முழுக்க உள்ளே. சாலைக் கம்போளச் சந்தையில் இறக்கும்போது தாரோடு தாராக இவரையும் தூக்கி இறக்கினார்களாம். ஆரியசாலையில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவி, தம்பானூரில் ஒரு வெல்டிங் கடையில் நின்று தொழில் பழகி, கடைசியில் கரமனையில் தனியாகக் கொட்டகை போட்டார். இசக்கியம்மாளைக் கட்டினார். ஒரே மகள் சுஜா கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். அப்பாவிடம் தமிழும் ஃபோனில் மலையாளமும் பேசுகிற பெண்.

அந்த வாழைத்தார் லாரியை அவர் மறக்கவே இல்லை. "பின்னால இருக்கவன் என்ன மூச்சு விடுதான்னு ஸ்டீரிங் பிடிச்சவனுக்குத் தெரியாதுடே," என்பார். அதனால் அவர் கை வைத்த எந்த வண்டியையும் சும்மா விடமாட்டார். லாரியோ வேனோ ஜீப்போ, கண்ணாடியை ஏற்றி, தார்ப்பாயைக் கட்டி, கடைசி மூலையில் தான் போய் உட்கார்ந்துகொள்வார். என்னை ஓட்டச் சொல்வார். திருமலை ஏற்றத்தில் இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும். பிறகு பின்னாலிருந்து தகரத்தில் இரண்டு தட்டு. "கொழப்பமில்ல, போட்டும்." அந்தச் சொல் வந்தால்தான் சாவி வண்டிக்காரன் கைக்குப் போகும்.

அந்த மூக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டீசல் கருகிய வாடை, எரியாத டீசலின் வாடை, ஆயில் எரியும் வாடை, கிளட்ச் தேயும் வாடை, எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்வார். நான் கொண்டு போகும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பதற்கு முன்னால், "ஒன் வீட்டுல இன்னைக்கு உள்ளித் தீயல்லா!" என்பார். எஞ்சின் ஏற்றிய பிறகு எனக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் நான் முகர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன். சுவரைத் தட்டி அவரைக் கூப்பிடுவேன். நான் மட்டுமில்லை, அந்தத் தெருவில் இருந்த எல்லாருமே அப்படித்தான். எல்லாருக்கும் சேர்த்து ஒரு மூக்கு இருந்தது.

பழைய பிக்கப் லாரிகளுக்கு டர்போ டீசல் எஞ்சின் மாற்றுகிற வேலை எங்களுக்கு நிறைய வரும். விதுரா, பாலோடு பக்கம் மலையேறுகிற வண்டிகள் அவை. அடிச்சட்டமான சேஸிஸ் கல்லு மாதிரி நிற்கும், பழைய எஞ்சினுக்கு மட்டும் இழுக்க முடியாது. விபத்தில் நொறுங்கிய வண்டியிலிருந்து நல்ல டர்போ எஞ்சினை எடுத்து, ஆர்.டி. ஆபீஸில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, மாட்டிக் கொடுப்போம். எஞ்சினை உட்கார வைப்பது பாதி வேலைதான். டர்போ என்பது எஞ்சினின் புகை வேகத்தில் சுழல்கிற விசிறி. அது காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். புகை போகும் வழி ஒடுக்கமாக இருந்தால் விசிறி திணறும், சூடு ஏறும், எஞ்சின் இருந்தும் இல்லாத மாதிரிதான். பழைய குழாய் அதற்குப் போதாது. அரை அங்குலமாவது பெரிய குழாய் வேண்டும், வளைவுகள் மெதுவாகத் திரும்ப வேண்டும், பிரேக் பைப்புக்கும் டீசல் டேங்குக்கும் பக்கத்தில் போகக் கூடாது. எஞ்சின் குலுங்கும், சேஸிஸ் குலுங்காது. நடுவில் வளைந்து கொடுக்கிற பின்னல் குழாய்த் துண்டு ஒன்றை வைக்காவிட்டால் ஒரு மாதத்தில் வெல்டிங் விட்டுப்போகும்.

அண்ணாச்சி முதலில் குழாயைத் தொடவே மாட்டார். ஒரு கட்டுக்கம்பியை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்துவிடுவார். டர்போ வாயிலிருந்து பின் சக்கரம் வரைக்கும் குழாய் போகவேண்டிய வழியைக் கம்பியில் வளைத்துப் பார்ப்பார். அந்தக் கம்பியை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் குழாயை அளந்து வெட்டுவார். அவர் கொட்டகைச் சுவரில் அந்த மாதிரி ஐம்பது கம்பியாவது வண்டி நம்பர் எழுதித் தொங்கும். "இதென்ன அண்ணாச்சி, முறுக்குக் கடையா வச்சிருக்கிய?" என்று கேட்டால் அடுத்த கம்பியை வளைக்கக் குனிந்துவிடுவார். அந்தக் கேலியில் எனக்கு அப்படி என்ன சுகமோ தெரியவில்லை.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில், மே மாதம், அண்ணாச்சிக்கும் இசக்கியம்மாளுக்கும் கோவிட் வந்தது. இரண்டு வாரம் வீட்டோடு கிடந்தார்கள். எழுந்து வந்தார்கள். ஆள் கொஞ்சம் மெலிந்திருந்தார், மற்றபடி பழைய ஆள்தான் என்று நினைத்தேன். அவருடைய மூக்கு போய்விட்டிருந்தது. ஒரு வாடையும் கிடையாது. டாக்டர், சில மாதத்தில் தானாக வரும் என்று சொல்லியிருக்கிறார். காலையில் எழுந்ததும் பெருங்காயத்தையும் சூடத்தையும் மாற்றி மாற்றி மூக்கில் வைத்துப் பார்ப்பாராம். வரவில்லை. இசக்கியம்மாளுக்கு மட்டும் தெரியும். வெளியே யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

இதெல்லாம் பிறகு தெரிந்தவை. அப்போது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் கண்ணுக்கு முன்னால் நடந்ததையும் நான் பார்க்கவில்லை. அந்த வருஷத்தில் ஒரு நாள், என் வீட்டுச் சாம்பார் ஊசிப்போய், மூடியைத் திறந்ததுமே நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அண்ணாச்சி அதைத் தன் சோற்றில் ஊற்றிப் பிசைந்து வாயருகே கொண்டு போனார். நான் கையைத் தட்டிவிட்டேன். "பசியில பாக்கல்லடே," என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தெருவெல்லாம் சொல்லியும் சிரித்தேன்.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். மூக்கு போன பிறகு முன்னைவிட இரண்டு மடங்கு வேலை பார்த்தார். எஞ்சினைப் போட்டு, குழாய் சூடேறுவதற்கு முன்னால் அதன் வாயைத் துணியால் அடைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். மூட்டுகளுக்குப் பக்கத்தில் புறங்கையைக் காட்டிக் காற்று படுகிறதா என்று பார்ப்பார். வயசானால் பயம் வரும்போல என்று நான் நினைத்தேன். ஒரு வருஷம் அப்படியே ஓட்டிவிட்டார். ஒரு வண்டிக்கும் ஒரு குறையும் வரவில்லை. அதுதான் அவருக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும்.

அடுத்த வருஷம் ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் பிரஜின் தன் பிக்கப்பைக் கொண்டு வந்தான். விதுராவைத் தாண்டி மலைத் தோட்டங்களுக்குச் சாமானும் ஆட்களும் ஏற்றுகிறவன். முப்பது வயதுப் பையன், அவசரக்காரன், அப்பா விட்டுப்போன வண்டியை உயிராக வைத்திருந்தான். பின்னால் பலகைத் தளம், மேலே வளைவுக் கம்பியும் தார்ப்பாயும், இரண்டு பக்கமும் பெஞ்சு. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. மலைக்குப் போகிற எல்லா வண்டியிலும் ஏற்றத்தான் செய்கிறார்கள்.

டர்போ எஞ்சினை நான் மாட்டினேன். சிக்கல் அண்ணாச்சிக்குத்தான். டர்போ வலது பக்கம், டீசல் டேங்கும் வலது பக்கம். குழாயைக் கியர்பாக்ஸுக்கு அடியில் இடது பக்கம் கடத்திக் கொண்டுபோக வேண்டும். நாலு கம்பி வளைத்து மூன்றைத் தூக்கி எறிந்தார். பின்னல் துண்டு பலகைத் தளத்துக்கு நேர் கீழே வந்தது. வேறு இடமே இல்லை. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. நானும் குனிந்து பார்த்தேன், வெல்டிங் அழகாக இருந்தது.

மறுநாள் காலையில் ஆர்.டி. ஆபீஸில் வண்டியைக் காட்ட வேண்டும். பிரஜின் வாசலிலேயே நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி, நாளெ டேட் மிஸ் ஆயால் பின்னே ஒரு மாசம் வெயிட் செய்யணும்," என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொன்னான். மழை விடாமல் பெய்தது. அண்ணாச்சி தார்ப்பாயை நாலு பக்கமும் கட்டச் சொல்லிவிட்டு, தனியாகப் பின்னால் ஏறினார். நான் ஸ்டீரிங்கைப் பிடித்தேன். பிரஜினைப் பட்டறையிலேயே இருக்கச் சொன்னோம்.

திருமலை ஏற்றத்தில் முதல் தடவை ஏறும்போதே எனக்கு வாடை அடித்தது. கேபினுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அது சரியாக மூடாது. அது வழியாகப் புளித்த மாதிரி, கண்ணைக் கரிக்கிற மாதிரி ஒரு புகை. புதுக் குழாயில் பூசியிருக்கிற எண்ணெய் முதல் ஒரு மணி நேரம் எரியத்தான் செய்யும், எல்லா வண்டிக்கும் அந்த வாடை உண்டு. அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாடை வேறு, இது வேறு என்று எனக்குள் ஒரு ஓரத்தில் தெரிந்தது. ஆனால் பின்னால் அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார். இருபது வருஷம் தப்பாத மூக்கு. அவர் தகரத்தைத் தட்டி நிறுத்தவில்லை என்றால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? மழையையும் பார்க்காமல் என் பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டு ஓட்டினேன்.

இரண்டாவது தடவை ஏறும்போது அந்தச் சின்ன ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. கண் சிவந்திருந்தது. 

"தாணு, ஒனக்கு எதும் வாடை அடிக்கா?" என்று கேட்டார்.

இருபது வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. அதையாவது நான் யோசித்திருக்கலாம். அந்த மனிதர் வெட்கத்தை விட்டு என்னிடம் உதவி கேட்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. எனக்கு மழை, நேரம், வாசலில் நிற்கிற பிரஜின். அதோடு என் வாய்க்கொழுப்பு.

"மூக்கு ஒமக்கா எனக்கா அண்ணாச்சி? ஒம்ம வேலைய எங்கிட்ட தள்ளாதேயும்," என்று சொல்லிச் சிரித்தேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தேன். நான் அவ்வளவு சாவகாசமாகச் சிரிப்பதைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். அவர் பேசாமல் இருப்பதைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று நானும் முடிவு செய்துவிட்டேன். பட்டறை வாசலில் தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தது. "கொழப்பமில்ல, போட்டும்," என்றார். இறங்கும்போது தலைவலி என்று சொன்னார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, அதுதான் என்றார்.

ஆர்.டி. ஆபீஸில் வண்டி பாஸாகிவிட்டது. எட்டாம் நாள் பிரஜினிடமிருந்து ஃபோன் வந்தது. மிளகுக்கொடி நடுவதற்கு ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போயிருக்கிறான். நல்ல மழை, தார்ப்பாயை முழுக்கக் கட்டியிருக்கிறார்கள். ஒரு மணி நேர ஏற்றம். போய்ச் சேர்ந்தபோது நாலு பேர் வாந்தி எடுத்தார்கள். பேச்சிமுத்து என்று ஒருவர், தென்காசிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது; பின்கதவைத் திறந்து இறங்கும்போது தலை சுற்றிக் கல்லின்மேல் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு உடைந்துபோனது. ஏணி வைத்து மிளகு பறிக்கிற மனிதர். இனிமேல் ஏணி ஏற முடியாது என்று மெடிக்கல் காலேஜில் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் பிரஜின் வண்டியைக் கொண்டுவந்து போட்டான். நான் எஞ்சினைப் போட்டுச் சூடேற்றி, ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தேன். பின்னல் துண்டின் பின் முனையில் ஒரு தலைமுடி அளவு கீறல். குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொள்கிறது, சூட்டில் வாய் திறக்கிறது. சோப்புத் தண்ணீருக்கு அது அகப்பட வழியே இல்லை. மேலே பலகைகளின் இடுக்கில் கரி ஒரு கோடாகப் படிந்திருந்தது. ஏற்றத்தில், சூட்டில், மூக்கால் மட்டும்தான் அதைப் பிடித்திருக்க முடியும். என் மூக்கு அதைப் பிடித்தும் இருந்தது.

பிரஜின் பாதி மலையாளத்தில் கத்தினான். "அண்ணாச்சியெ நம்பித்தானெ நான் ஆளெக் கேற்றினெ? பின்னால இருந்து பாத்தீங்கள்லே? பாத்துட்டு போட்டும்னு பறஞ்சீங்கள்லே?" தெருவில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

அண்ணாச்சி துணியில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். சத்தம் போடாமல், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "எனக்கு மூக்கு செத்து ஒரு வருஷமாச்சு பிள்ளே. கோவிட்ல போச்சு. யார்ட்டயும் சொல்லல்ல. தொழில் போயிரும்னு பயம். தப்பு எம்மேலதான்."

பிரஜின் என் பக்கம் திரும்பினான். "சிவதாணு அண்ணே, நிங்கள் முன்னால இருந்தீங்கள்லே? ஒங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சில்லையா?"

ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. தெரிந்தது என்று சொல்லியிருந்தால் பாதிப் பழி என் தலையில் இறங்கியிருக்கும். அவருடைய பெயரில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

"முன்னால இருக்கவனுக்கு எப்படி பிள்ளே தெரியும்?" என்றேன்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பவில்லை. நான் வாடையை உணர்ந்தேனா என்று அவருக்கு அப்போது தெரியாது. தான் என்னிடம் கேட்டது அவருக்கு நினைவிருந்தது. "நான் தாணுகிட்ட கேட்டேன், அவன் சிரிச்சான்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை, பிறகு எங்கேயும் சொல்லவில்லை. இசக்கியம்மாளிடம்கூடச் சொல்லவில்லை என்பது அவள் என்னோடு பழகுவதிலிருந்தே தெரிகிறது.

அந்த மாதமே கொட்டகையைக் காலி செய்தார். சுவரில் தொங்கிய கம்பிகளை ஒரே கட்டாகக் கட்டிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டார். நான் தடுக்கவில்லை, உதவி செய்தேன். மெடிக்கல் காலேஜுக்குத் தினமும் போய்ப் பேச்சிமுத்துவுக்குக் கஞ்சி கொடுத்தார். அவர் எழுந்து நடக்கத் தொடங்கியதும், ஆரியசாலையில் கோலப்பன் என்பவரின் அரிசி மொத்தக்கடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று, தராசு முன்னால், கேட்டு வாங்கிக் கொடுத்தார். தானும் அதே கடையில் சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயதில் மூட்டை தூக்குகிற வேலை. ஏன் அண்ணாச்சி இப்படி என்று கேட்டதற்கு, "மூட்டைக்கு மூக்கு வேண்டாம்டே," என்றார். அவர் சொன்ன ஒரே பகடி அதுதான், எனக்குச் சிரிக்க வரவில்லை.

எனக்கு நல்ல காலம் வந்தது. அதைச் சொல்லத்தான் கூசுகிறது. தலைமுடி அளவு கீறலைக் கண்டுபிடித்தவன் சிவதாணு என்று விதுரா வரைக்கும் பேச்சுப் போயிருந்தது. புகைக்குழாய் வேலைக்கும் என்னிடமே வர ஆரம்பித்தார்கள். ஆள் வைத்துச் செய்கிறேன். முடிந்த வண்டியின் பின்னால் நானே ஏறி உட்கார்ந்து போகிறேன். "உச்சிமாகாளி மாதிரி இல்லே, இயாள் ஒழுங்கா பாப்பாரு," என்று ஒரு வண்டிக்காரன் என் முன்னாலேயே சொன்னான். அவனை அடித்திருக்க வேண்டும். தலையை ஆட்டினேன்.

இரண்டரை வருஷம் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு இருந்தேன். போன மாசி மாதம் ஒரு மத்தியானம் முடியாமல் போய், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆரியசாலைக்குப் போனேன். அண்ணாச்சி கடை வாசலில் காலி மூட்டைகளின்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். சுஜாவுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிப் பேசினார். நான் அதை வெட்டிச் சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு திருமலையில எனக்கு வாடை அடிச்சுது."

டீ டம்ளரைக் கீழே வைத்தார். சாக்குத் தூசி பட்ட கையை வேஷ்டியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன்.

"கேட்டேனே, தாணு," என்றார்.

அவ்வளவுதான். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எங்கிட்ட எதுக்கு சொல்லுத?" என்று கடைக்குள்ளே கையைக் காட்டினார். "அவன்ட்ட சொல்லு. இடுப்பு போனது அவனுக்குல்லா."

உள்ளே தராசு முன்னால் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். கைத்தடி பெஞ்சில் சாய்ந்திருந்தது. நான் எழுந்து உள்ளே போனேன். வாசலிலிருந்து தராசு வரைக்கும் பத்தடி இருக்கும். சொல்ல வேண்டியது நாலு வார்த்தை. போகும்போது வார்த்தைகளைச் சரியாக அடுக்கி வைத்துக்கொண்டுதான் போனேன்.

பேச்சிமுத்து நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். என்னை அவருக்குத் தெரியும். கீறலைக் கண்டுபிடித்த மெக்கானிக் என்று தெரியும்.

"வாங்கண்ணே. வண்டியெல்லாம் எப்படி ஓடுது? அரிசி வேணுமா? நல்ல பொன்னி வந்திருக்கு," என்றார்.

"ஒரு சிப்பம் போடுங்க," என்றேன்.

அவர் உள்ளே குரல் கொடுத்தார். வேறு ஆள் யாரும் அந்த நேரத்தில் கடையில் இல்லை. இருபத்தைந்து கிலோ சிப்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து என் ஸ்கூட்டரின் முன்னால் வைத்தது உச்சிமாகாளி அண்ணாச்சிதான். நான் சொல்லிவிட்டேனா என்று அவர் கேட்கவில்லை. சிப்பம் சரியாமல் இருக்க ஒரு தட்டுத் தட்டி நிமிர்த்திவிட்டு, "கால் வைக்க எடம் இருக்கா, பாத்துக்கோ," என்றார்.